தோள்வலி

1

தோள்வலி என்ற சொல்லுக்கு நம்முடைய காவியங்களில் ஒரே அர்த்தம்தான்: தோளின் பலம். வில்லை வளைப்பதும் மலையைப் பெயர்ப்பதும் தோள்வலி. இன்று அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு போய் நிற்கக்கூடிய இடம் ஆஸ்பத்திரி ஒன்றுதான். பலத்திற்கும் வேதனைக்கும் ஒரே சொல்லை வைத்திருந்த பாஷை, பலத்தை வலிமை என்ற நீண்ட சொல்லுக்குக் கொடுத்துவிட்டு, மூலச்சொல்லில் வேதனையை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டது. திருக்குறளின் 48ஆம் அதிகாரத்திற்கு வலியறிதல் என்று பெயர். தன் பலம், எதிரியின் பலம், துணையின் பலம் இவற்றை எடைபோடுவது பற்றியது அது. தலைப்பை மட்டும் பார்க்கிற இன்றைய பையன் ஒருவன் அது வைத்தியத்தைப் பற்றியது என்றுதான் நினைப்பான். மூன்று வருஷங்களாக நானும் அந்தப் பையனைப் போலத்தான் அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சொந்த நோயைப் பற்றி எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆனால் இந்த மூன்று வருஷ அலைச்சலில் நான் தேடியது சிகிச்சையை மட்டுமல்ல என்பது தாமதமாகத்தான் புரிந்தது. நான் தேடியது ஒரு பெயரை. ஏன் பெயர் வேண்டியிருந்தது, அது கிடைத்ததும் ஏன் பாதி வலி போனதுபோல் இருந்தது, அந்த நிம்மதி எனக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதானா என்பவையே இங்கே என் கேள்விகள்.

2

பரளச்சி கரிசல் ஊர். மழை பெய்தால் காட்டுக்குள் வண்டி இறங்காது. பெய்யாவிட்டால் வெடிப்புக்குள் கால் இறங்கும். மிளகாய், மல்லி, பருத்தி, கம்பு, குதிரைவாலி. விதைக்காமல் விட்ட நிலத்திலெல்லாம் சீமைக்கருவேல். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை பிடிப்பது ஒரு தொழில். அருப்புக்கோட்டைக்குப் போனால் தறி. எந்தத் தொழிலை எடுத்தாலும் கடைசியில் தோளில்தான் வந்து நிற்கிறது. இந்த ஊரில் தோள் வலிக்கிறது என்பது ஒரு செய்தியே அல்ல. வெயில் அடிக்கிறது என்பதைப் போன்றது.

எனக்கு வலிக்க ஆரம்பித்தது எந்த உழைப்பினாலும் அல்ல. ஒரு காலையில் சட்டையின் இடது கைக்குள் கையை நுழைக்கும்போது சுரீரென்றது. ஒரு மாதத்தில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. மூன்றாவது மாதம் பின் பாக்கெட்டுக்குக் கை போகவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை.

உடம்புக் கோளாறைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தைகளே இல்லை என்று வர்ஜீனியா உல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் குறைப்பட்டுக்கொண்டார். 1975இல் ரொனால்ட் மெல்ஸாக் என்ற கனடா நாட்டு உளவியலாளர், நோயாளிகள் பயன்படுத்தும் வலிச்சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 வரிசைகளில் அடுக்கி ஒரு வினாத்தாள் தயாரித்தார். நம்மிடம் அந்தப் பஞ்சம் இல்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், தெறிப்பு, இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு என்று எங்கள் ஊர்க் கிழவிகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஒன்றை இன்னொன்றோடு குழப்ப மாட்டார்கள். கடுக்கிற இடம் வேறு, உளைகிற இடம் வேறு. நம் இலக்கணமும் வலி விஷயத்தில் நுட்பமானது. நான் வலியை வைத்திருக்கிறேன் என்று தமிழில் சொல்ல முடியாது. 'எனக்கு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். பசிக்கிறது, குளிர்கிறது என்பதைப் போல வலியும் எனக்கு நேர்கிற ஒன்று. என் உடைமை அல்ல.

இவ்வளவு சொற்களையும் வைத்துக்கொண்டு நான் போய் உட்கார்ந்த டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஓர் எண்ணைத்தான். "பத்துக்கு எத்தனை?" ஆறு என்று சொன்னேன். ஏன் ஆறு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஐந்து என்றால் போகச் சொல்லிவிடுவார்கள், எட்டு என்றால் நம்ப மாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். வலியைச் சொல்கிறவன் அந்த நிமிஷத்திலேயே வக்கீலாகிவிடுகிறான். தன் வலிக்குத் தானே வாதாடுகிறான்.

டாக்டர்களுக்கு முன்னால் போனது சுளுக்கு எடுக்கிற ஒரு பாட்டியிடம். கால் முன்னே வரப் பிறந்தவள் என்பதால் அவளுக்கு அந்தக் கைராசி என்று ஊரில் நம்பிக்கை. விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கழுத்திலிருந்து முழங்கை வரை நீவினாள். அவள் எண் எதுவும் கேட்கவில்லை. நீவும்போது என் கையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது நாள் கையை எடுத்துவிட்டாள். "இது சுளுக்கு இல்லய்யா. உள்ளுக்குள்ள என்னமோ கெட்டிப்பட்டிருக்கு. என் கைக்கு ஆப்படலை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ." வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. குணமாகாததற்குக் காசு வாங்கினால் கை நின்றுபோகும் என்றாள்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவர் வாயு என்றார். ஒருவர் பெயர் எதுவும் சொல்லாமல் ஊசி போட்டார். மூன்று நாள் சுகம். ஒருவர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஒன்றுமில்லை" என்றார். நகரத்தில் ஒருவர் கழுத்தை ஸ்கேன் செய்து எலும்புத் தேய்மானம் என்றார். இன்னொருவர் தோளை ஸ்கேன் செய்து ஜவ்வில் கிழிசல் என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கச் சொன்னார். வலியே இல்லாத, வயதான பலருடைய கழுத்திலும் தோளிலும் இதே தேய்மானமும் கிழிசலும் ஸ்கேனில் தெரியும் என்பதை நான் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படத்தில் ஏதாவது இருந்துவிட்டால் அதுவே குற்றவாளி. ஒன்றும் இல்லாவிட்டால் நோயாளி குற்றவாளி.

3

'ஒன்றுமில்லை' என்ற அந்தச் சொல்லை விட்டு என்னால் எளிதில் நகர முடியவில்லை. ஆறுதலாகச் சொல்லப்பட்ட சொல் ஏன் அவமானமாக வந்து விழுந்தது?

ஒரு பொருள் இல்லை என்பதை எப்படி அறிகிறோம் என்பது நம் தத்துவத்தில் பழைய பிரச்னை. குமாரில பட்டரின் மீமாம்சை மரபும் அத்வைதமும் அனுபலப்தி என்பதைத் தனிப் பிரமாணமாகவே ஏற்றுக்கொண்டன. தரையில் பானை தென்படவில்லை, ஆகவே பானை இல்லை. சிவஞான சித்தியாரும் அளவைகளைச் சொல்லும்போது அபாவத்தைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் இதில் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. தென்படாமை என்பது, இருந்திருந்தால் தென்பட்டிருக்கக்கூடிய ஒன்றின் தென்படாமையாக இருக்க வேண்டும். யோக்யானுபலப்தி என்பார்கள். இருட்டறையில் பானை தெரியவில்லை என்பதால் பானை இல்லை என்று சொல்ல முடியாது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை தடித்துச் சுருங்கியிருந்தால் அது எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரேக்கு அது இருட்டறை.

டாக்டர் சொல்லியிருக்க வேண்டியது, 'இந்தப் படத்தில் ஒன்றுமில்லை' என்பது. சொன்னது, 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்பது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் வைத்தியத் தவறு எதுவும் நடக்கவில்லை. தர்க்கத் தவறு ஒன்று நடந்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒரு மனிதனின் சாட்சியம் அவன் கண்முன்னாலேயே தள்ளுபடி செய்யப்பட்டிருக்கிறது. வலிக்கான சர்வதேச ஆய்வுச் சங்கம் 1979இல் வலியை வரையறுத்தபோதே அது எப்போதும் அனுபவிப்பவனைச் சார்ந்தது என்று குறிப்பு எழுதியது. 2020இல் அந்த வரையறையைத் திருத்தியபோது, தன் அனுபவத்தை வலி என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல் மதிக்கப்பட வேண்டும் என்பதைத் தனிக் குறிப்பாகவே சேர்த்தார்கள். நோயாளியின் சொல்லை மதியுங்கள் என்று விஞ்ஞானிகள் கூடி எழுதிவைக்க வேண்டியிருந்தது.

விட்கன்ஸ்டைன் செத்தபின் 1953இல் வெளிவந்த 'தத்துவ விசாரணைகள்' நூலில் வலி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வண்டு, பிறர் பெட்டியை யாரும் திறந்து பார்க்க முடியாது என்ற அவருடைய உதாரணத்தை நம் நண்பர்கள் அடிக்கடி எடுத்துப் பேசுவார்கள். நம் வட்டாரத்தில் அதை வைத்து வந்த தீர்மானம் பெரும்பாலும், மனிதன் தனியன், எவனும் எவனையும் அறிய முடியாது என்பதுதான். எனக்கு இப்போது முக்கியமாகத் தோன்றுவது அதே நூலின் வேறொரு குறிப்பு. கையில் அடிபட்டவனுக்கு ஆறுதல் சொல்கிற நாம் கைக்கு ஆறுதல் சொல்வதில்லை, அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம் என்ற பொருளில் ஓரிடத்தில் வருகிறது. பாட்டி முகத்தைப் பார்த்தாள். டாக்டர் படத்தைப் பார்த்தார். விட்கன்ஸ்டைன் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

4

கடைசியில் பெயர் கிடைத்தது. அந்த டாக்டர் நான் கொண்டுபோன படங்களை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். முன்கையைப் பிடித்து வெளிப்புறமாக மெதுவாகத் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் கதவு தாழ் போட்டது போல நின்றது. நானாகத் திருப்பினாலும் நின்றது, அவர் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றது. ஜவ்வு மட்டும் கிழிந்திருந்தால் எனக்குத் தூக்கப் பலம் இருக்காதே தவிர, இன்னொருவர் தூக்கினால் கை ஏறும் என்று விளக்கினார். இது மூட்டின் உறையே இறுகிப்போன ஃப்ரோஸன் ஷோல்டர், உறைந்த தோள். பாட்டி 'உள்ளுக்குள்ள கெட்டிப்பட்டிருக்கு' என்றது சரிதான். "சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பரிசோதித்ததில் இருந்தது. எனக்குத் தெரியாமல் ரத்தத்தில் நடந்துகொண்டிருந்த ஒன்றைத் தோள் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. வலி அப்படியேதான் இருந்தது. அப்படியானால் குறைந்தது எது?

அந்தப் பெயரின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். 1872இல் டூப்ளே என்ற பிரெஞ்சு டாக்டர் இதை விவரித்து வேறொரு பெயர் வைத்திருந்தார். உறைந்த தோள் என்ற பெயரை வைத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் கோட்மன். 1934இல் அவர் எழுதிய 'தோள்' என்ற பெரிய புத்தகத்தில். வைத்த கையோடு, இது வரையறுக்கவும் எளிதல்ல, தீர்க்கவும் எளிதல்ல, ஏன் வருகிறதென்று விளக்கவும் எளிதல்ல என்றும் ஒப்புக்கொண்டார். அதாவது நான் பொக்கிஷம்போலப் பையில் போட்டுக்கொண்டு வந்த பெயர், எனக்கு ஏற்கனவே தெரிந்ததைத்தான் திருப்பிச் சொன்னது: தோள் அசையவில்லை.

கோட்மனின் வாழ்க்கை இந்தப் பெயரைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆஸ்பத்திரி ஒவ்வொரு நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பியபின் குறைந்தது ஒரு வருஷமாவது தொடர்ந்து விசாரித்து, குணமானானா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இதில் பணிமூப்புக்கு மரியாதை இல்லை, முடிவுக்குத்தான் மரியாதை. 1914இல் தான் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து விலகினார். 1915இல் டாக்டர்களின் கூட்டமொன்றில் ஒரு கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார்: பணக்காரப் பேட்டை ஒரு தீக்கோழியாக மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு டாக்டர்களுக்குப் பொன் முட்டைகள் இடுகிறது. ஊர் அவரை ஒதுக்கியது. அவரே நடத்திய சிறிய ஆஸ்பத்திரியின் 1911 முதல் 1916 வரையிலான கணக்கை அச்சிட்டார். 337 நோயாளிகள், 123 தவறுகள். தவறுகள் என்ற பத்தியை வைத்து ஒரு டாக்டர் புத்தகம் போட்டது அதற்கு முன்னால் நடந்த மாதிரித் தெரியவில்லை. 1940இல் செத்தார். 2014 வரை அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை.

குணமாகாததற்குக் காசு வாங்காத பாட்டியும் இவரும் ஒரே ஜாதி என்று எனக்குத் தோன்றுகிறது. இருவருக்கும் தெரிந்திருந்த ஒன்று உண்டு. தோள் தானாகவே தேறிவிடக் கூடியது. உறைந்த தோள் பலருக்கு ஒன்று முதல் மூன்று வருஷத்தில் மெல்ல இளகுகிறது. சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கிறது. ஆகவே கடைசியாக எவரிடம் போனோமோ அவருக்குப் பெருமை சேர்ந்துவிடுகிறது. இந்த மயக்கம் உறைந்த தோளோடு நிற்கவில்லை. தோள் எலும்பின் அடியில் கொஞ்சம் செதுக்கிவிட்டால் உராய்வு போய் வலி போகும் என்று சார்ல்ஸ் நியர் 1972இல் எழுதியபின் அந்த ஆபரேஷன் உலகமெங்கும் பரவியது. 2017இல் பிரிட்டனில் ஒரு சோதனை முடிவு வெளியானது. சிலருக்கு உண்மையான ஆபரேஷன். சிலருக்குத் துளை போட்டு உள்ளே பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடிவிட்டார்கள். இரண்டு சாராருக்கும் ஒரே அளவு சுகம். முதல் யோசனைக்கும் இந்தக் கேள்விக்கும் நடுவில் 45 வருஷங்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சங்கப் பாட்டின் வெறியாட்டு நினைவுக்கு வந்தது. குறிஞ்சித் திணையில் நோய் தோளில்தான் முதலில் தெரிகிறது. தோள் மெலிகிறது, வளை கழல்கிறது. தாய் பயந்துபோய்க் கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலன் வருகிறான், கழங்கு போட்டுப் பார்க்கிறான், முருகன் தீண்டிவிட்டான் என்கிறான். களம் இழைத்து, மறி அறுத்து, ஆடுகிறார்கள். நோய்க்குக் காரணம் பெண்ணுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். ஆனால் யாரும் அவளைக் கேட்பதில்லை. காதலன் இரவில் வந்துபோனதால் அவள் தேறிவிட, பெருமை வேலனுக்குப் போவதை நினைத்து அவள் உள்ளுக்குள் சிரிக்கிற பாட்டும் உண்டு. நம் மரபில் தவறான நோய்க்கணிப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் கிடையாது. வேலன் சொல்லும் பெயர் தாய்க்குத் தேவைப்படுகிற பெயர். வீட்டுக்குக் கௌரவமான பெயர். நோயாளி அந்தப் பெயரில் இல்லை.

பெயர் கிடைத்ததும் எனக்குக் குறைந்தது எது என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. பொய் சொல்கிறேனோ என்று பார்க்கிற பார்வை குறைந்தது. பெயர் ஒரு சர்டிபிகேட். இனிமேல் வீட்டில் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்காவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. என் வலிக்கு நான் வாதாட வேண்டியதில்லை. வழக்கு எனக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டது.

5

ஊரில் கரிமூட்டம் போடுகிற ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். அவருக்கும் தோள் போயிருக்கிறது. மூட்டையை லாரியில் ஏற்றும்போது வலது தோளில் வாங்க முடியாமல் முதுகில் வாங்குகிறார். எனக்குப் புதிதாகக் கிடைத்த ஞானத்தோடு அவரிடம் போய், "அண்ணாச்சி, இதுக்கு ஒரு பேரு இருக்கு, நீங்களும் போய்ப் பாருங்க. விருதுநகர்லயே இப்ப மெடிக்கல் காலேஜ் இருக்கு, முன்ன மாதிரி மதுரைக்குப் போக வேண்டாம்" என்றேன். 2022இல் அந்தக் கல்லூரி வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தார் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற யோசனைதான். அவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டே கேட்டார்: "பேரு தெரிஞ்சா மூட்டை கொறையுமா தம்பி?"

நோய்க்குப் பெயர் என்பது ஒரு விடுப்புச் சீட்டு. விடுப்பு எடுக்கக் கூடியவனுக்குத்தான் அதனால் உபயோகம். ஒரு நாள் கூலி, பஸ் சார்ஜ், திரும்பவும் வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலி. அத்தனையும் கொடுத்து அவர் வாங்கி வரப்போவது, 'கனம் தூக்காதீர்கள்' என்ற வாக்கியம். அவருக்கு அது வைத்தியமல்ல, வேலைநீக்க உத்தரவு. டால்ஸ்டாயின் இவான் இலியிச் (1886) தன் நோயின் பெயருக்காக டாக்டர் டாக்டராக அலைகிறான். அவன் நீதிபதி, அலைய முடிந்தது. கடைசியில் அவனுக்குச் சுகம் கொடுத்தது எந்தப் பெயருமல்ல. அவன் கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு இராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்த கெராஸிம் என்ற வேலைக்காரன். கெராஸிமின் தோள் மறுநாள் எப்படி இருந்தது என்று டால்ஸ்டாய் எழுதவில்லை. நானும் இத்தனை வருஷம் அதைக் கேட்டதில்லை.

இனி, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பெயர் சொன்ன டாக்டர் நான் எழுந்திருக்கும்போது கூடுதலாக ஒரு தகவல் சொன்னார். "ஒரு பக்கம் வந்து விட்டதும், சில பேருக்குக் கொஞ்ச வருஷத்துல மறுபக்கமும் வரும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அதிகம். பயப்பட வேண்டாம்." நான் பயப்படவில்லை. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியதும் வலது தோள் வலிக்கிறதென்று சொல்ல ஆரம்பித்தாள். வேப்பெண்ணெய், தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை. கொஞ்ச காலத்தில் தானாகக் கொண்டை போட முடியவில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக்கொண்டாள். ரவிக்கை போடுவதை விட்டாள். பழைய காலத்து மனுஷிபோல மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். வயசானால் பழைய வழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்று நான் ஒரு சமூகவியல் விளக்கம்கூட வைத்திருந்தேன். ரவிக்கையின் கைக்குள் அவள் கை நுழையவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து இடது தோள் என்று சொன்னாள். அப்போது நான் கேட்டேன், சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்: "போன வருஷம் வலதுன்னுல்ல சொன்ன?"

அவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் தோளைப் பற்றிப் பேசவுமில்லை. அவளுக்குச் சர்க்கரை இருந்தது கடைசி வருஷங்களில் காலில் புண் வந்தபோதுதான் தெரிந்தது.

பக்கம் மாறியதை நான் பொய்க்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். அதுதான் நோயின் லட்சணம். நான் அப்போது டாக்டரல்ல, எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் தவறு அறியாமை அல்ல. அறியாமையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னது.

6

எங்கள் பக்கத்தில் வலியைப் பற்றிப் பேசினால் ஒரு பெயரைத் தவிர்க்க முடியாது. திருச்சுழி எங்கள் தாலூகாவின் தலைமை ஊர். 1879 டிசம்பர் 30ஆம் தேதி அங்கே பிறந்த வேங்கடராமன்தான் ரமண மகரிஷி. 1949இல் திருவண்ணாமலையில் அவருடைய இடது கையில், முழங்கைப் பக்கம், சிறிய கட்டி ஒன்று வந்தது. எடுத்தார்கள், திரும்ப வந்தது. சார்கோமா என்று தெரிந்தது. ஒரு வருஷத்திற்குள் நான்கு ஆபரேஷன்கள், ரேடியம், ஹோமியோபதி, பச்சிலை. யார் என்ன சிகிச்சை செய்ய விரும்பினாலும் கையை நீட்டினார். கையையே எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் தேதி இறந்தார். வலியே இல்லை என்பது அவர் நிலையல்ல. வலி இருக்கிறது, அது 'என்னுடையது' என்பதுதான் இல்லை என்பதே அவர் நின்ற இடம் என்று எனக்குப் புரிகிறது. 'எனக்கு வலிக்கிறது' என்ற நம் வாக்கியத்திலிருந்து அவர் 'எனக்கு' என்பதை எடுத்துவிட்டார். மிச்சம் 'வலிக்கிறது'.

நான் கையைப் பிடித்துக்கொண்டு முனகியபோது ஓர் உறவினர், "மகரிஷி பொறந்த மண்ணுல பொறந்துட்டு இதுக்குப் போயி இப்படியா?" என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தின் காரணத்தை யோசித்தபோதுதான் என் கேள்விக்கு ஒரு பதில் தென்பட்டது.

ரமணர் ஒதுக்கிவைத்தது தன் வலியை. அந்த உறவினர் ஒதுக்கிவைக்கச் சொல்வது என் வலியை. சொற்கள் ஒன்றுதான், காரியம் நேர் எதிரானது. எலைன் ஸ்கேரி என்ற அமெரிக்கப் பெண்மணி 1985இல் எழுதிய நூல் ஒன்றில், வலி அதை அனுபவிப்பவனுக்குச் சந்தேகமே இல்லாத நிச்சயம், அதைக் கேட்பவனுக்குச் சந்தேகத்தின் முன்மாதிரி என்று வாதிட்டார். அறிவின் நிலை இதுதான், மறுக்க முடியாது. ஆனால் அறநிலை இதன் தலைகீழாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் வலியை நான் சந்தேகிக்கலாம். அது பயமா, பழக்கமா, பிறர் கவனத்துக்கான ஏக்கமா என்று குடைந்து பார்க்கலாம். முடிந்தால் 'எனக்கு' என்பதையே கழற்றி எறியலாம். அது என் சுதந்திரம். பிறர் வலியைச் சந்தேகிக்க எனக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. நிச்சயம் இல்லாத இடத்தில்தான் நம்பிக்கை என்ற ஒன்றுக்கே வேலை. தெரிந்துகொண்டபின் நம்புவதில் என்ன அறம் இருக்கிறது? அது கணக்குச் சரிபார்ப்பது.

இப்படியானால் ஏமாற்றுகிறவர்களையும் நம்ப வேண்டியிருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். பொய்த் தலைவலி சொல்லி லீவு எடுக்கிறவன் உண்டு. அவனை நம்பினால் எனக்கு நஷ்டம் ஒரு நாள். என் அம்மாவை நம்பாததன் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கோட்மனின் புத்தகத்திலும் பத்தி இல்லை.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று வருகிற கவிதைகளில் பக்கத்துக்கு நான்கு இடத்தில் வலி வருகிறது. இருப்பின் வலி, பிரிவின் வலி, மௌனத்தின் வலி. எந்தக் கை, எந்நேரம், எவ்வளவு உயர்த்தினால் என்று கேட்டால் ஒரு கவிதையிலும் பதில் இல்லை. சொந்தச் சோகத்துக்கு இவ்வளவு நம்பிக்கை கொடுக்கிற நாம், கொண்டை போட முடியவில்லை என்று ஒரு கிழவி சொல்வதைக் கேட்கக் காது வைத்திருக்கிறோமா? நான் வைத்திருக்கவில்லை. கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

திருக்குறளின் மருந்து அதிகாரத்திலிருந்து ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதி வைப்பது நோயையும் அதன் மூலத்தையும் தேடச் சொல்லும் குறளை. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் வேறொன்று சொல்கிறது. வைத்தியம் நான்கு கூறு என்று எண்ணும்போது, அது நோயாளியை முதலில் வைக்கிறது. பிறகு தீர்ப்பவன், பிறகு மருந்து, நான்காவதாகப் பக்கத்தில் இருந்து செய்பவன். அந்த நான்காவது ஆளுக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமென்று அதில் நிபந்தனை இல்லை.

இப்போது காலையில் கோட்மன் பெயரில் வழங்குகிற பயிற்சியைச் செய்கிறேன். குனிந்து, வலது கையை மேஜையில் ஊன்றி, இடது கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் விரல்களால் மேலே ஏற வேண்டும். ஏறிய உயரத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். மூன்று மாதத்தில் ஒரு சாண் ஏறியிருக்கிறது. பயிற்சியாலா, காலத்தாலா, தெரியாது.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா மல்லி காயப்போட முற்றத்துக்கு வந்தவர் அந்தக் கோடுகளைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அம்மாவுக்கும் இதேதான் என்பதையும் சொன்னேன். அக்கா அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை. "பேரு என்னமோ. ஆனா ரொம்ப வலிச்சது அவுகளுக்கு. சீப்பு அந்தப் பக்கம் போனாலே கண்ணை மூடிக்கிருவாக. நான் அதுக்குத் தக்கனதான் மெள்ளச் சீவுவேன்."

எத்தனை வருஷம் அக்கா என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு வருஷம்.